ஜன்னலோர இருக்கையிலிருந்து விமானத்தைக் கவனிப்பது: ஏடிஆர் 72, ஏ320 நியோ இரண்டுக்கும் ஆலோசனை தேவை

கேள்வி: கரிசல்மேகம்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாள்கள் தொட்டு விமானங்களைப் பற்றிப் படித்து வருபவன் நான். எந்த விமானத்துக்கு எந்த எஞ்சின், எத்தனை இருக்கைகள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பயணியாக ஏறிய வாய்ப்புகள் குறைவு. அவற்றிலும் நிறுவனம் ஒதுக்கிய இருக்கையிலேயே உட்கார்ந்ததால் பெரும்பாலும் நடு இருக்கையோ நடைபாதை ஓரமோதான் வாய்த்தது. வரும் மாதம் ஓர் உறவினர் திருமணத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து தில்லிக்கும் போகிறேன். முதல் பகுதிக்குப் புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72, இரண்டாவதற்கு ஏர்பஸ் ஏ320இன் புதிய எஞ்சின் வகையான ஏ320 நியோ. இம்முறை கூடுதல் கட்டணம் செலுத்தியாவது இருக்கையை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கீழே தெரியும் ஊர்களைவிட, இயந்திரம் வேலை செய்வதைப் பார்ப்பதிலும் கேட்பதிலும்தான் எனக்கு ஆவல் அதிகம். இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப், அதன் மேற்பரப்பில் எழும் ஸ்பாய்லர், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்சர் ஆகியவை இயங்குவதைப் பார்க்க எந்த வரிசை பொருத்தமானது? சென்ற முறை விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை திடீரென்று தணிந்தது. பக்கத்தில் இருந்த அம்மையார் அஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். காரணத்தைப் பொதுவாக அறிந்திருந்தும், அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. தரையில் இருக்கும்போது இருக்கைகளுக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல ஓர் ஓசையும் வந்தது. இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். விமானத்துக்குள் படமெடுப்பதற்கும், இறங்கியபின் விமானி அறையைப் பார்க்க அனுமதி கேட்பதற்கும் உள்ள விதிமுறைகளையும் சொல்லுங்கள்.

மறுமொழி: மீனம்பாக்கத்தான்

நண்பரே, இயந்திரத்தைப் பார்ப்பதே நோக்கம் என்றால் ஏ320இல் இறக்கைக்குப் பின்னால் உட்காருங்கள். 180 அல்லது 186 இருக்கைகள் கொண்ட அமைப்பில் 12, 13ஆம் வரிசைகள் இறக்கை மேலுள்ள அவசர வழிகள். அங்கே கால் நீட்ட இடம் கிடைக்கும், ஆனால் இறக்கையின் மேற்பரப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. 18 முதல் 22 வரையிலான வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கையின் பின்விளிம்பு முழுவதும் கண்ணெதிரே இருக்கும். எஞ்சினையே பார்க்க வேண்டும் என்பவர்கள் இறக்கைக்கு முன்னால், 6 முதல் 9 வரையிலான வரிசைகளில் இடம் பிடித்துச் சற்றே பின்பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது வீண் செலவு, ஏனென்றால் எஞ்சின் கூடு பயணம் முழுவதும் ஒரே மாதிரிதான் தெரியும்; இறக்கையோ ஒவ்வொரு கட்டத்திலும் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஓடுதளத்தை நோக்கி நகரத் தொடங்கும் முன்பே ஃபிளாப் சிறிதளவு வெளியே வந்துவிடும். அப்போது இறக்கையின் நுனிப்பக்கத்தில் இருக்கும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் எய்லரான் தகட்டைக் கவனியுங்கள். ஏ320இல் ஃபிளாப் விரிந்திருக்கும்போது இரு எய்லரான்களும் 5 பாகை கீழே தாழ்ந்து, ஏற்றுவிசைக்குத் தாமும் கொஞ்சம் பங்களிக்கும். பிறகு விமானிகள் கட்டுப்பாட்டுக் கருவிகளை எல்லாத் திசைகளிலும் அசைத்துச் சோதிப்பார்கள். எய்லரானும் ஸ்பாய்லர் தகடுகளும் ஒருமுறை ஏறி இறங்குவது உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் நேரம் அது.

ஓடுதளத்தில் வேகம் கூடும்போது முன்சக்கரம் நடுக்கோட்டு விளக்குகளின் மேல் ஏறி இறங்குவதால் சீரான இடைவெளியில் தட்டும் ஓசை கேட்கும். வேகம் ஏற ஏற அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். மேலெழும் கணத்தில் இறக்கை நுனி மேல்நோக்கி வளைவதைப் பாருங்கள். அதுவரை சக்கரங்கள் சுமந்த எடை முழுவதையும் இறக்கைகள் ஏற்றுக்கொள்ளும் கணம் அது.

இறங்கும்போதுதான் உண்மையான விருந்து. கீழிறங்கிக்கொண்டே வேகத்தையும் குறைக்க வேண்டியிருந்தால் இறக்கையின் மேலுள்ள 5 ஸ்பாய்லர் தகடுகளில் நடுவிலுள்ள மூன்று எழுந்து நிற்கும், விமானத்தின் உடலில் ஒரு நடுக்கம் தெரியும். அது கோளாறு அன்று. ஃபிளாப் படிப்படியாகப் பின்னோக்கி நகர்ந்து கீழே வளையும். கடைசிக் கட்டத்தில் காற்று வீச்சுக்கு ஏற்ப எய்லரானும் ஸ்பாய்லரும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். விமானி சாய்வைச் சரிசெய்வதும், அதை நிறைவேற்றும் கணினி எந்தத் தகட்டை எவ்வளவு அசைப்பது என்று முடிவு செய்வதும் அந்தத் துடிப்பில் தெரியும். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் 5 தகடுகளும் ஒரே சமயத்தில் எழுந்து ஏற்றுவிசையைக் கலைத்துவிடும். அப்போதுதான் எடை மீண்டும் சக்கரங்களின் மேல் இறங்கி பிரேக் நன்றாகப் பிடிக்கும். பலர் ரிவர்சர் ஓசையைக் கேட்டு அதுதான் விமானத்தை நிறுத்துகிறது என்று நினைக்கிறார்கள். உலர்ந்த ஓடுதளத்தில் பெரும்பகுதி வேலையைச் சக்கர பிரேக்குகளே செய்கின்றன.

சென்னை போன்ற கடலோர ஊரில் உங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. ஈரப்பதம் மிகுந்த காலையில் ஃபிளாப்பின் ஓரத்திலிருந்து வெண்ணிற இழையாகச் சுழல் கிளம்புவதையும், எஞ்சின் கூட்டின் பக்கவாட்டில் உள்ள சிறு தகட்டிலிருந்து மற்றொரு சுழல் இறக்கையின் மேலாக ஓடுவதையும் பார்க்கலாம். அந்தத் தகடு அங்கே பொருத்தப்பட்டிருப்பதே அந்தச் சுழலுக்காகத்தான். அது இறக்கையின் மேல் ஓடும் காற்றோட்டம் பிரிந்துவிடாமல் காக்கிறது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகளாகப் பார்த்ததை நேரில் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து தில்லி போகும் வழியில் கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை ஆகிய மூன்றையும் தெற்கிலிருந்து வடக்காக இதே வரிசையில் கடப்பீர்கள். கைப்பேசியை விமான நிலையில் வைத்தாலும் ஜிபிஎஸ் இயங்கும். முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்துடன் ஜன்னல் அருகே பிடித்தால் இருப்பிடம் தெரியும். அது காட்டும் வேகம் தரையைப் பொறுத்த வேகம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி: பழைய ஸ்பேனர்

விமானப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஓசைகளைப் பற்றி எழுதுகிறேன். மீனம்பாக்கத்தார் கண்ணுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டால், காது சொல்வதில் பாதியைக்கூடக் கண் சொல்வதில்லை. நடைபாதை ஓர இருக்கை கிடைத்தவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை.

குரைப்பு ஓசையிலிருந்து தொடங்குகிறேன். ஏ320 வகையில் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும்) அமைப்புகள் உள்ளன. பச்சைக்கு இடப்பக்க எஞ்சினும், மஞ்சளுக்கு வலப்பக்க எஞ்சினும் அழுத்தம் கொடுக்கின்றன. இயல்பான அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு). இவ்விரண்டுக்கும் இடையே 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு வந்தால், பிடியு எனப்படும் அழுத்த மாற்றி தானாக இயங்கி, ஒன்றின் அழுத்தத்தைக் கொண்டு மற்றொன்றின் பம்பை ஓட்டும். திரவம் மட்டும் கலக்காது. அழுத்தம் சமமானதும் நிற்கும், குறைந்ததும் மீண்டும் ஓடும். இப்படி விட்டுவிட்டு ஓடுவதுதான் உங்களுக்குக் குரைப்பாகக் கேட்கிறது. இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போது இது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எரிபொருளைச் சேமிக்க ஒரே எஞ்சினில் தரையில் நகரும்போதும் கேட்கும். விமானத்தின் நடு வயிற்றில் இருப்பதால் இறக்கை அருகே உள்ள வரிசைகளில் ஓசை பலமாக இருக்கும். சரக்கறைக் கதவு மூடும்போது கேட்கும் நீண்ட ரீங்காரம் வேறு. அது மஞ்சள் அமைப்பின் மின்பம்பு.

இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கியதும் தலைக்கு மேலே குளிர்காற்று நின்று, அறை முழுவதும் திடீரென்று அமைதியாகும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதற்கு, வாலில் உள்ள சிறு துணை எஞ்சின் தரும் அழுத்தக் காற்று முழுவதும் தேவைப்படுவதால், குளிரூட்டிக்குச் செல்லும் வால்வுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. போயிங் 787இல் இந்த அமைதியை எதிர்பார்க்காதீர்கள். அதில் எஞ்சினைக் கிளப்புவதும் அறைக் காற்றை அழுத்துவதும் மின்சாரத்தால் நடப்பவை. நியோவில் கிளப்புவதற்குப் பழைய ஏ320ஐவிடக் கூடுதல் நேரம் ஆகும். சூடாக நிறுத்தப்பட்ட எஞ்சினில் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே சீராகக் குளிராததால் சுழல்தண்டு மிக நுண்ணிய அளவில் வளைந்திருக்கும். எரிபொருளைப் பற்றவைக்காமல் சிறிது நேரம் மெல்லச் சுழற்றினால் நேராகிவிடும். பிராட் அண்ட் விட்னியின் கியர் எஞ்சினில் தொடக்க காலத்தில் இதற்குப் பல நிமிடங்கள் பிடித்தன. 2015 இறுதியில் முதல் நியோவைப் பெற வேண்டிய கத்தார் ஏர்வேஸ் அதை ஏற்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2016 ஜனவரியில் லுஃப்தான்சா முதல் விமானத்தைப் பெற்றுக்கொண்டது.

உங்கள் பக்கத்தில் அஞ்சிய அம்மையாருக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: மேலெழுவதற்கு வேண்டிய அதிக விசையை எஞ்சின் நெடுநேரம் தரத் தேவையில்லை, தரையிலிருந்து 800 முதல் 1,500 அடி உயரம் வந்ததும் ஏறுவதற்குப் போதுமான அளவுக்குக் குறைத்துவிடுவார்கள், எஞ்சினின் ஆயுளும் நீளும். அதே சமயம் வேகத்தைக் கூட்டுவதற்காக மூக்கையும் சற்றுத் தாழ்த்துவார்கள். இவ்விரண்டும் சேரும்போது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'விழுகிறோம்' என்று மூளைக்குத் தவறாகச் சொல்லும். உயரமானியைப் பார்த்தால் விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓசை தணிவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரும்பாலோர் அஞ்சுவதில்லை என்பது என் அனுபவம். நடந்த பிறகு சொல்லும் விளக்கத்துக்கு அந்த வலிமை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆர்வலர்களே இதில் அவசரப்படுகிறார்கள். மெத்தென்று இறங்கினால் நல்ல விமானி, சற்று ஓங்கித் தரை தொட்டால் மோசமான விமானி என்று மதிப்பெண் போடுவது நியாயமன்று. மழைநீர் தேங்கிய ஓடுதளத்தில் சக்கரம் நீரின் மேல் வழுக்கிவிடாமல் நீர்ப்படலத்தைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்க வேண்டும். அங்கே உறுதியாகத் தரை தொடுவதுதான் முறை. நவம்பரில் சென்னையில் இறங்கும்போது முதுகில் ஒரு குலுக்கம் வந்தால் அதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுமொழி: கரிசல்மேகம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தில்லிப் பயணத்துக்கு 20ஆம் வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். ஸ்பேனர் ஐயா, நியோவில் இரண்டு வகை எஞ்சின்கள் இருப்பதால், ஏறும்போதே எது என்று கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டா? மேலும், ஏடிஆர் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. இணையத்தில் பலர் அதை ஏளனமாகப் பேசுகிறார்கள். ஒரு மணி நேரச் சத்தமான பயணம், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஒரு நண்பரும் சொன்னார்.

மறுமொழி: வடமராட்சி வானம்

உங்கள் நண்பர் ஏடிஆரில் கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்திருக்க வேண்டும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அதில் போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இயந்திரத்தைப் பார்க்க விரும்பும் பயணிக்கு இன்று எளிதில் கிடைக்கக்கூடிய விமானங்களில் அதற்கு நிகரில்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த யன்னலிலிருந்தும் தரை மறைவதில்லை. அதைவிட முக்கியமாக, பிரதான சக்கரங்கள் இறக்கையில் அல்லாமல் உடலின் இரு பக்கங்களிலும் உள்ள புடைப்புகளுக்குள் மடங்குகின்றன. எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால் உள்ள யன்னலில் முன்பக்கமாகக் குனிந்து பார்த்தால் சக்கரம் உள்ளே போவதையும், இறங்கும்போது வெளியே வந்து நிலைகொள்வதையும், தரையைத் தொட்ட கணத்தில் புகை எழும்பச் சுழலத் தொடங்குவதையும் முழுமையாகக் காணலாம். ஏ320 பயணிக்கு எந்தக் கட்டணத்திலும் கிடைக்காத காட்சி இது.

ஏறுவது பின்வாசல் படிகள் வழியாக. முன்பகுதியில் சரக்கறை இருக்கிறது. பின்வாசல் அருகே உள்ள வரிசைகளில் அதிர்வு குறைவு, புரொப்பெல்லருக்கு நேராக உள்ள முன் வரிசைகளில் அதிகம். புரொப்பெல்லரையே பார்க்க விரும்பினால் அதற்குச் சற்றுப் பின்னால் அமருங்கள். ஆறு அலகுகள் (சுழலும் தகடுகள்) கொண்ட அதன் விட்டம் 3.93 மீற்றர். மேலெழும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள் சுழல்வதை, பிறகு அதில் நூற்றுக்கு 82 வீதமாகக் குறைப்பார்கள். ஸ்பேனர் ஐயா சொன்ன ஓசைத் தணிவு இங்கே இன்னும் தெளிவாகக் கேட்கும். சுழற்சி வேகம் அதன்பின் மாறாது. விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் அலகுகளின் கோணத்தை மாற்றுவதாலேயே நடக்கிறது. இறங்கியவுடன் அந்தக் கோணம் தட்டையாகி, காற்றை எதிர்த்து நிற்கும்போது எழும் உறுமலைக் கேட்டால் ரிவர்சர் ஓசை உங்களுக்குச் சாதாரணமாகிவிடும். கைப்பேசியில் படமெடுத்தால் அலகுகள் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரியும். படக்கருவி காட்சியை வரிவரியாகப் பதிவு செய்வதால் வரும் மாயம் அது.

இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு நிறத்தில் ஓடும் ரப்பர் பட்டையையும் பாருங்கள். உறைபனி படிந்தால் அதற்குள் காற்றைச் செலுத்தி உப்பச் செய்து பனியை உடைத்துத் தள்ளுவார்கள். நம் பகுதியில் அது வேலை செய்வதைப் பார்ப்பது அரிது. ஆனால் உயரமான மழைமேகத்துக்குள் நுழையும்போது வாய்ப்பு உண்டு. இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. ஏடிஆரின் வாலில் துணை எஞ்சின் இல்லை. தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் தேவைப்பட்டால், வலப்பக்க எஞ்சினை ஓட விட்டு அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். எஞ்சின் ஓடுகிறது, புரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகையில் இடப்பக்கம் இருந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து திருவரங்கத்தைச் சுற்றி வளைவது தொலைவில் தெரியும். வலப்பக்கத்தில் டெல்டா வயல்களும் அதற்கப்பால் கடலும். காலைப் பயணம் என்றால் வெயில் அந்தப் பக்கம் கண்ணைக் கூசச் செய்யும். எங்கள் பாதை வேறு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரும் விமானம் ஏறத்தாழ நேர் தெற்கே வருவதால் வலப்பக்க யன்னலில் புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடியக்கரை என்று கரை முழுவதும் வரிசையாக வந்து முடிந்ததும் பாக்கு நீரிணை விரியும். 1947 டிசம்பர் 10ஆம் திகதி இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற்பயணம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு டிசி-3 விமானத்தில் போனது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து முதலில் வந்து இறங்கியது ஏடிஆர். பெருந்தொற்றால் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியதிலிருந்து நான் அந்த வலப்பக்க யன்னலை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மறுமொழி: ஓடுதளம்25

விதிமுறைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2020 செப்டம்பரில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட ஆணையால் விமானத்துக்குள் படமெடுப்பதே தடை செய்யப்பட்டதாக ஒரு பேச்சு பரவியது. அடுத்த சில நாள்களிலேயே இயக்குநரகம் விளக்கம் அளித்தது: 2004ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி உண்மையான பயணிகள் பறக்கும்போதும், மேலெழும்போதும், இறங்கும்போதும் படமெடுக்கலாம், ஒழுங்கைக் குலைக்கும், பாதுகாப்பைப் பாதிக்கும் வகையில் பதிவு செய்யும் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே ஜன்னலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இறக்கையைப் பதிவு செய்வதில் குற்றமில்லை. விமானப் பணியாளர்களின் முகங்களை அவர்கள் அனுமதியின்றிப் பதிவு செய்யாதீர்கள்.

பாதுகாப்புப் படைகளின் விமானத்தளங்கள் இதற்கு விலக்கு. புனே, கோவாவின் டபோலிம், விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் இறங்குவதற்கு முன் படமெடுக்கக் கூடாது என்ற அறிவிப்பைக் கேட்கலாம். 2025 மே மாதம் மேற்கு எல்லையை ஒட்டிய கூட்டுப் பயன்பாட்டுத் தளங்களில் குறிப்பிட்ட உயரம் வரை ஜன்னல் திரைகளையே மூடி வைக்க உத்தரவிட்டார்கள். உங்கள் பாதையில் இந்தச் சிக்கல் இல்லை. தூத்துக்குடியில் விமானத்துக்கு நடந்து போகும்போது மட்டும் நின்று படமெடுக்காதீர்கள். அங்கே பாதுகாப்புப் பணியாளர் சொல்வதே முடிவு.

பறக்கும்போது விமானி அறைக்குள் போக வாய்ப்பே இல்லை. 2023இல் ஒரு விமானி தனக்கு அறிமுகமான பெண்ணைத் துபாய்–தில்லிப் பயணத்தின்போது உள்ளே அமர வைத்ததற்காக அவருடைய உரிமம் மூன்று மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது, நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. தரையில், எஞ்சின்கள் நிறுத்தப்பட்டுப் பயணிகள் இறங்கிய பிறகு, பணியாளர் வழியாகத் தலைமை விமானியிடம் பணிவோடு கேட்கலாம். விருப்பமும் நேரமும் இருந்தால் அனுமதிப்பார். அடுத்த பயணத்துக்கு அவர்களுக்கு இருக்கும் அவகாசம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல் என்பதால், மறுத்தால் வருந்தாதீர்கள். தில்லியில் நாளின் கடைசிப் பயணமாக இருந்தால் வாய்ப்பு அதிகம்.

இருக்கை பற்றி ஓர் எச்சரிக்கை. ஜன்னலோர இருக்கை என்று விற்கப்படும் எல்லா இருக்கைகளுக்கும் ஜன்னல் இருப்பதில்லை. போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறிச் செல்லும் இடத்தில் வெறும் பலகைதான் இருக்கும். ஒருமுறை அதற்குக் கூடுதல் கட்டணம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி வந்திருக்கிறேன். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. போயிங் 787இல் ஜன்னல் பெரிது, ஆனால் திரைக்குப் பதிலாக நிறம் மாறும் கண்ணாடி. பகல் பயணத்தில் பணியாளர்கள் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் கருநீலமாக்கிப் பூட்டிவிட்டால் இறக்கை ஏதோ அந்திப்பொழுதில் மிதப்பது போலத் தெரியும். நெகிழும் இறக்கைக்காகவே அந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இது பெரும் ஏமாற்றம். 2010இல் நடந்த வலிமைச் சோதனையில் அந்த இறக்கை சுமார் 25 அடி மேல்நோக்கி வளைந்தும் முறியவில்லை என்பதை அறிந்தவர்களுக்கு, கண்ணாடியை இருட்டாக்குவது எவ்வளவு எரிச்சலூட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மீனம்பாக்கத்தாரிடம் ஒரு வேறுபாடு: எஞ்சின் கூடு எப்போதும் ஒரே மாதிரிதான் என்பதை நான் ஏற்கவில்லை. இறங்கியதும் நியோவின் கூட்டின் பின்பாதி அப்படியே பின்னோக்கிச் சரிந்து, இடைவெளி வழியாகக் காற்று முன்பக்கம் திருப்பப்படுவதை முன்வரிசைக்காரர்கள்தான் பார்க்க முடியும். சிஎஃப்எம்56 எஞ்சின் பொருத்திய பழைய ஏ320இல் நான்கு கதவுகள் பூவிதழ்களாக விரியும்.

மறுமொழி: பழைய ஸ்பேனர்

கரிசல்மேகம் கேட்ட அடையாளத்தைச் சொல்கிறேன். படிகள் வழியாக ஏறும் வாய்ப்புக் கிடைத்தால், எஞ்சினின் முன்முகத்தில் உள்ள விசிறி அலகுகளை எண்ணுங்கள். சிஎஃப்எம் லீப் என்றால் 18, பிராட் அண்ட் விட்னி என்றால் 20, பழைய சிஎஃப்எம்56-5பி என்றால் 36. பிராட் அண்ட் விட்னியில் விசிறிக்கும் அதைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே ஏறத்தாழ 3:1 விகிதத்தில் கியர் இருப்பதால் விசிறி மெதுவாகச் சுழலும். விட்டம் 81 அங்குலம், லீப்பில் 78. பாலம் வழியாக ஏறினால் எண்ண முடியாது. அப்போது முனையத்தில் காத்திருக்கும்போதே விமானத்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடினால் எஞ்சின் வகை தெரிந்துவிடும். தில்லி விமானம் புறப்படும் முன் எஞ்சின் ஒவ்வொன்றையும் கிளப்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கைக்கடிகாரத்தில் பார்த்து, எஞ்சின் வகையோடு சேர்த்து இங்கே எழுதுங்கள். இரண்டு வகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.